காய்ச்சல் தணிந்த பிறகு

2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம். கல்லறைத் திருநாள் கழிந்து நான்கைந்து நாள்கள் ஆகியிருக்கும். வடகிழக்குப் பருவமழை மாமல்லபுரம் கடலோரத்தை விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்குச் செபத்தை முடித்துக் கதவைச் சாத்தப் போனேன். பங்கு இல்லத்து வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. மூவர் சேர்ந்து ஓர் இளைஞனைத் தாங்கி இறக்கினர். சிற்பக்கூடம் ஒன்றில் உளி பிடிக்கும் பிள்ளை அவன், வயது பதினெட்டு. ஞாயிறு தவறாமல் பீடச் சிறுவர்களை வரிசைப்படுத்தி நிறுத்துகிறவன். என் குரல் கேட்டால் எழுந்து நிற்கிறவன். அன்றிரவு என்னை யாரென்றே தெரியாதவன்போல் வெறித்துப் பார்த்தான்.

"அஞ்சு நாளாக் காய்ச்சல், சாமி. இன்னிக்குக் காலையில சுத்தமா விட்டுடுச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தினோம். மத்தியானத்திலிருந்து ஒரே தூக்கம். சாயங்காலம் எழுந்தவன் என்னையே பார்த்து 'நீ யாரு'ன்னு கேக்கிறான், சாமி" என்று தாய் கதறினாள். அருகிலிருந்த பாட்டியோ உறுதியாகச் சொன்னாள்: "உச்சி வேளையில சவுக்குத் தோப்புப் பக்கம் போனான். ஏதோ பிடிச்சிருக்கு. தலையில கை வைச்சுச் செபம் பண்ணுங்க, சாமி. இன்னிக்கு ராத்திரி கோவில்லயே கிடக்கட்டும்."

நான் கை வைத்துச் செபித்தேன். தீர்த்தம் தெளித்தேன். அது தவறன்று. அடுத்து நான் சொன்னதே தவறு: "பிள்ளை களைத்திருக்கிறான்; உறங்கட்டும். விடிந்ததும் பார்ப்போம்."

இவ்வாறு இரண்டு மணி நேரம் கழிந்தது. கன்னியர் மடத்தில் தாதியாகப் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவர் செய்தி கேட்டுக் குடை பிடித்து வந்தார். பிள்ளையின் கையைத் தொட்டார், உள்ளங்கால்களைத் தொட்டார். "கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?" என்று தாயிடம் கேட்டார். காலையில் என்று பதில் வந்தது. "வயிற்று வலி என்று சொன்னானா? வாந்தி எடுத்தானா?" இரண்டும் இருந்தன, காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று எவரும் பொருட்படுத்தவில்லை. சகோதரி என் பக்கம் திரும்பினார். "சுவாமி, கை கால் சில்லிட்டுக் கிடக்கிறது. இது பேயன்று, டெங்குவாக இருக்க வேண்டும். இனி ஒரு நிமிடமும் இங்கே வைத்திருக்கக்கூடாது" என்றார். 108க்குத் தொலைபேசியில் சொன்னோம். வண்டி புறப்பட்டுச் சற்றுத் தொலைவு செல்வதற்குள் அவனுக்கு வலிப்பு வந்தது.

அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள்கள் கிடந்து, இறைவன் அருளால் அவன் பிழைத்தான். இரத்தத்தில் உப்புச் சத்து குறைந்து, ஈரல் தாக்கப்பட்டு, மூளை வீங்கியிருந்தது என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். "இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால்..." என்று தொடங்கியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. நான் கழித்த அந்த இரண்டு மணி நேரத்தின் கணக்கை ஆண்டவர் முன்னிலையில் இன்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் பிழை மற்றொரு குடும்பத்தில் நிகழாதிருக்கட்டும் என்பதற்காகவே இதனை எழுதத் துணிந்தேன்.

பழைய வியாதி, புதிய முகம்

டெங்கு நமக்குப் புதியதன்று. அதனை ஒத்த காய்ச்சலொன்று 1780ஆம் ஆண்டிலேயே சென்னைப் பட்டினத்தில் பரவியதாக வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. மூட்டுக்கு மூட்டு முறித்துப் போட்டதுபோல் வலிக்கும் காரணத்தால் மேல்நாட்டார் அதனை எலும்பு முறிக்கும் காய்ச்சல் என்றழைத்தனர். அதற்குக் காரணமான வைரஸை 1943இல் ஜப்பானிய அறிஞர்களான கிமுரா, ஹோட்டா ஆகியோர் முதன்முதலில் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டில், கல்கத்தாவில் நோயுற்றிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் இரத்தத்திலும் ஆல்பர்ட் சேபின் அதனைக் கண்டார். பிற்காலத்தில் நம் குழந்தைகளின் நாவில் விடப்படும் போலியோ சொட்டு மருந்தை உலகுக்குத் தந்தவர் இவரே. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. அந்நான்கும் நம் வட தமிழகத்தில் உலவுவதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1960களிலேயே கண்டறிந்தனர்.

ஒருவகை டெங்கு வந்து போனால் அந்த வகை அதே மனிதனை மீண்டும் தாக்குவதில்லை. ஆனால் மற்ற மூன்று வகைகளும் தாக்கக்கூடும். இரண்டாம் முறை வரும் வேறு வகை டெங்கு முதல் முறையைவிடக் கடுமையாக அமைவதற்கு வாய்ப்பு மிகுதி. "எனக்கு ஒருமுறை வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று சொல்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

2012ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் 12,826 பேர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். 66 பேர் இறந்தனர். திருநெல்வேலி மாவட்டம் பெரிதும் துன்புற்றது. 2017இல் 23,294 பேர் நோயுற்றனர். 65 பேர் மாண்டனர். இவை அரசு வெளியிட்ட கணக்குகள். நோயுற்றோர் தொகையோடு ஒப்பிட்டால் இறந்தோர் சிலரே என்று தோன்றும். ஆனால் பிள்ளையை இழந்த வீட்டில் அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

இந்நோயைப் பற்றிப் பேசுவோர் இரத்தக்கசிவைப் பற்றிப் பேசுவர். தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவர். அது மூளையையும் நரம்பையும் தாக்கக்கூடும் என்பதை அறிந்தோர் குறைவு. மூளைக்காய்ச்சல் என்றவுடன் நம் மக்கள் நினைப்பது வேறொன்று. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் 1955இல் வேலூர்ப் பகுதியில்தான் அறியப்பட்டது. வயல் நீரில் பிறக்கும் வேறொரு கொசு அதனைப் பரப்புகிறது. டெங்கு வைரஸ் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், அது மூளையை நாடாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1976இல் தாய்லாந்து மருத்துவர்கள், டெங்குவோடு மூளைக் கோளாறும் சேர்ந்து வந்த நோயாளிகளைப் பற்றி எழுதினர். பின்னர் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூளை, தண்டுவடத் தொற்று என்னும் ஐயத்தோடு சேர்க்கப்பட்ட 378 பேரில் 16 பேருக்கு டெங்கு இருந்தது. அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. எனினும் ஆறு பேர் நரம்புக் குறைபாட்டோடுதான் வீடு திரும்பினர். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த நெறிமுறையில், அறிவுத் தெளிவு குன்றுதல் கடும் டெங்குவின் அடையாளங்களுள் ஒன்றாகவே இடம்பெற்றுள்ளது.

தணியும் நாளே கண்டத்தின் நாள்

மற்றக் காய்ச்சல்களில் சூடு தணிந்தால் நோய் தணிந்தது என்று பொருள். நம் முன்னோரின் அனுபவமும் அதுவே. காய்ச்சல் விட்டதும் தலைக்கு நீர் ஊற்றும் வழக்கமும் அதனால் வந்ததே. டெங்குவோ இவ்விதிக்கு விலக்கு. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். பெரும்பாலோர் அதன்பின் நலமடைவர். ஆனால் சிலருக்கு, சூடு இறங்கும் அந்த வேளையில்தான் ஆபத்து தொடங்குகிறது. இரத்தக் குழாய்களின் மெல்லிய சுவர் கசியத் தொடங்கி, இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சறையிலும் சேர்கிறது. உடலில் நீர் இருந்தும் குழாய்க்குள் நீர் இல்லை. இரத்த அழுத்தம் வீழ்கிறது, கை கால்கள் சில்லிடுகின்றன, சிறுநீர் குறைகிறது. இந்தக் கண்டம் ஒரு நாளோ இரண்டு நாள்களோ நீடிக்கும்.

மூளை எவ்வாறு பாதிக்கப்படுகிறது? மருத்துவர் மூன்று வழிகளைச் சொல்கின்றனர்.

முதலாவது, மூளையைக் கிருமி நேரே தொடாமலே வரும் மயக்கம். இரத்த ஓட்டம் குறைந்தால் மூளைக்குப் பிராணவாயு போதாது. சோடியம் எனப்படும் உப்பு இரத்தத்தில் குறைந்தால் மூளை வீங்கும். ஈரல் பழுதானால் அது வடிகட்ட வேண்டிய நஞ்சு தலைக்கு ஏறும். சிலருக்கு மூளைக்குள்ளேயே இரத்தம் கசிவதும் உண்டு. நம் சிற்பக்கூடத்துப் பிள்ளைக்கு நேர்ந்தது இவ்வகையே. காரணத்தைக் கண்டு விரைந்து திருத்தினால் மீட்சிக்கு நல்ல வாய்ப்புண்டு.

இரண்டாவது, வைரஸ் தானே மூளைக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்குதல். கடும் தலைவலி, வலிப்பு, பிதற்றல், நினைவிழத்தல் ஆகியவை அதன் குறிகள். சில வேளைகளில் டெங்குவின் வழக்கமான அடையாளங்கள் எவையும் இன்றி இக்குறிகளே முதலில் தோன்றவும் கூடும்.

மூன்றாவது, நோய் நீங்கிய பிறகு வருவது. கிருமியை எதிர்க்க எழுந்த நம் உடலின் காவற்படையே, பகைவன் போன பின்பும் வாளை உறையிலிடாமல் நம் நரம்புகளையே வெட்டத் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டு ஒன்றிரண்டு வாரங்களுக்குப் பின், கால்கள் மரத்து, வலுவிழந்து, அத்தளர்ச்சி மேல்நோக்கி ஏறினால், அது கில்லன் பாரே என்னும் நரம்பு நோயாக இருக்கலாம். மார்புத் தசைகளை அது எட்டினால் மூச்சே நின்றுவிடும். தண்டுவடம் அழற்சியுற்று இடுப்புக்குக் கீழ் உணர்வு அறுவதும் உண்டு. இவையன்றி, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து கைகால்கள் திடீரெனத் துவள்வதும் டெங்குவில் காணப்படுகிறது. உரிய மருந்தால் இந்தத் துவளல் விரைவில் தீரும். ஆனால் இரத்தத்தைச் சோதித்தாலன்றி இது எந்த வகை என்று எவராலும் சொல்ல இயலாது.

இவை அரியவை, டெங்கு வந்தோருள் மிகச் சிலருக்கே நேர்பவை. அச்சமூட்டுவது என் நோக்கமன்று. காய்ச்சல் வந்த ஒவ்வொருவருக்கும் மூளை பழுதாகும் என்று எவரும் கலங்க வேண்டா. ஆனால் அரிதாக வருவது நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அதனை அடையாளம் கண்டுகொள்ள வேண்டாமா?

பேயா, பிணியா?

இங்கே குருவாக நான் சில சொல்ல வேண்டியிருக்கிறது. அறிவு தடுமாறிய பிள்ளையை முதலில் கோவிலுக்குத் தூக்கி வரும் வழக்கம் நம் மக்களிடையே இன்றும் உண்டு. அவர்களுடைய விசுவாசத்தை நான் பழிக்கவில்லை. துன்ப வேளையில் ஆண்டவரிடம் ஓடி வரும் மக்களை எந்தக் குரு பழிப்பான்? ஆனால் திருச்சபை இதைப் பற்றி என்ன கற்பிக்கிறது என்பதை நாம் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

1614ஆம் ஆண்டில் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், ஒருவனைப் பேய் பிடித்திருப்பதாகக் குரு எளிதில் நம்பிவிடலாகாது என்று எச்சரித்தது. நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர், வைரஸ் என்னும் சொல்லைக்கூட மருத்துவர் இன்றைய பொருளில் அறியாத காலத்தில் திருச்சபை காட்டிய விவேகம் அது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஆயரின் தனி அனுமதியின்றி எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கை நிகழ்த்தலாகாது என்று விதிக்கிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், இது நோயன்று என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றே அறிவுறுத்துகிறது. நோயைக் கவனிப்பது மருத்துவத்தின் பணி என்றும் கூறுகிறது.

நற்செய்தியில் வலிப்பால் துன்புற்ற சிறுவனின் நிகழ்ச்சியைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அவர்கள் மத்தேயு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டோரைக் குறிப்பிடுகையில், பேய் பிடித்தவர்களையும் வலிப்பு நோயினரையும் திமிர்வாதக்காரரையும் நற்செய்தியாளர் தனித்தனியே பிரித்துச் சொல்கிறார். இராயப்பரின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தபோது நம் ஆண்டவர் அவளைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவளைக் கட்டிப்போட்டு அடிக்கச் சொல்லவில்லை. சீராக் ஆகமம் தன் 38ஆம் அதிகாரத்தில், நோயுற்றவன் செபிக்கவும் வேண்டும், மருத்துவனுக்கு இடங்கொடுக்கவும் வேண்டும் என்று கற்பிக்கிறது. மருத்துவனையும் மூலிகையையும் படைத்தவர் ஆண்டவரே என்கிறது. செபமும் மருந்தும் ஒரே கையின் இரு கொடைகள். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுதல் விசுவாசமன்று. அது ஆண்டவரைச் சோதிப்பதாகும்.

ஆகவே என் பங்கு மக்களுக்கு அன்று முதல் சொல்லி வருவதை உங்களுக்கும் சொல்கிறேன். அறிவு தடுமாறும் நோயாளியைக் கோவிலுக்குக் கொண்டுவராதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்த நேரமானாலும் கட்டிலருகே வந்து செபிப்பது என் கடமை. நோயில் பூசுதல் சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்திவிட்டது. குருவை அழைத்தால் பிள்ளை செத்துவிடுவான் என்று அஞ்சித் தயங்காதீர்கள்.

தாய்மார் கவனத்திற்கு

டெங்குக் காலத்தில் வீட்டில் காய்ச்சல் வந்தால், முதல் இரண்டு நாள்களுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்க நாள்களில் கிருமியின் அடையாளத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனையும், ஐந்தாம் நாளுக்குப் பின் வேறொரு சோதனையும் உண்டு. பாரசிட்டமால் மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுத்தல் ஆபத்து. அவை இரத்தக்கசிவை மிகுவிக்கும். "ஓர் ஊசி போடுங்கள், குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று மருத்துவரை வற்புறுத்த வேண்டா. குழாய்வழி நீர் தேவையானவர்க்கே, தேவையான அளவே தரப்படும். மிகுதியும் தீங்கு செய்யும். வாயால் அருந்தக்கூடிய நோயாளிக்கு அரிசிக் கஞ்சியும், இளநீரும், உப்புச் சர்க்கரைக் கரைசலும் அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். நிலவேம்புக் குடிநீர் அருந்துவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அதை நம்பி மருத்துவமனைப் பயணத்தைத் தள்ளிப்போடலாகாது.

சூடு இறங்கிய பின் இரண்டு நாள்கள் நோயாளியை உற்றுக் கவனியுங்கள். பகலில் மட்டுமன்றி, இரவிலும் ஓரிரு முறை எழுப்பி, "உன் பேர் என்ன? நான் யார்? இன்று என்ன கிழமை?" என்று கேளுங்கள். பேச்சு குழறினாலும், விடை தடுமாறினாலும், எழுப்ப எழுப்ப உறங்கினாலும், காரணமின்றிச் சினந்து புரண்டாலும் உடனே புறப்படுங்கள். கடும் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கரிய மலம், சில்லிட்ட கை கால்கள், ஐந்தாறு மணி நேரமாகச் சிறுநீர் இன்மை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அவ்வாறே. கைக்குழந்தை சொல்லத் தெரியாதது. அது பால் குடிக்க மறுத்து, ஓயாமல் அழுதாலோ, அழவும் திராணியின்றிக் கிடந்தாலோ அதுவே அதன் மொழி. தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைதலும் கூடாது, நடுங்குதலும் கூடாது; மேற்சொன்ன குறிகளே முதன்மை.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சுற்றியுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள். கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்காதீர்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. பற்களுக்கிடையே கரண்டியைச் செருகாதீர்கள். அறிவு மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். குருவாகிய நானே சொல்கிறேன், தீர்த்தத்தையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாயில் இறங்கினால் உயிருக்கே உலை. 108 வண்டியை அழையுங்கள். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய 30 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. மழை இரவில் அது நீண்ட தூரம். எனவே முடிவெடுப்பதில் தாமதம் கூடாது.

உரலும் கல்லறைக் கிண்ணமும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக் கொசுவன்று. கால்களில் வெள்ளை வளையம் பூண்ட இக்கொசு, பகலில் கடிப்பது. நல்ல தண்ணீரில் வளர்வது. பிறந்த வீட்டை விட்டு நெடுந்தொலைவு பறக்காதது. ஆகவே நம் பிள்ளையைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததே. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டைகளை ஒட்டவைக்கிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் சாகாமல் காத்திருக்கும். அடுத்த மழையில் நீர் தொட்டவுடன் உயிர்பெறும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் போதும்.

நம் ஊர் கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். பல்லவர் காலந்தொட்டு உளியோசை இங்கே கேட்கிறது. சிற்பக்கூடங்களின் முற்றத்தில் விற்காமல் கிடக்கும் உரல்களையும், ஆட்டுக்கல்களையும், கல் தொட்டிகளையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு குழியும் மழைநீரை ஏந்தி நிற்கிறது. கல்லறுக்கும் இயந்திரத்துக்கு நீர் நிரப்பும் பீப்பாய் மூடியின்றி நிற்கிறது. மீனவர் குப்பத்தில் கரையேற்றிய படகின் அடியில் நீர் தேங்குகிறது. உடைந்த மீன்பெட்டிகளில் தேங்குகிறது. நோயுற்ற அப்பிள்ளை வேலை செய்த கூடத்தைப் பிறகு நான் சென்று பார்த்தேன். மண்ணில் சாய்த்து வைத்த ஓர் ஆட்டுக்கல்லின் குழியில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

பிறரைக் குறைகூறுமுன் என் வீட்டைப் பார்க்க வேண்டுமல்லவா? மறுநாளே உபதேசியாரை அழைத்துக்கொண்டு கோவில் வளாகத்தைச் சுற்றினேன். கெபியின் முன் கட்டிய சிறு குளத்தில் புழுக்கள். கோவில் வாசலில் உள்ள தீர்த்தத் தொட்டியில் நீர் மாற்றிப் பல நாள்கள் ஆகியிருந்தன. கல்லறைத் தோட்டத்தில், நவம்பர் இரண்டாம் நாளன்று நம் மக்கள் பாசத்தோடு வைத்த மெழுகுதிரிக் கண்ணாடிக் கிண்ணங்களும் பூச்சாடிகளும், பெய்த மழையில் விளிம்புவரை நிறைந்து நின்றன. இறந்தோரின் நினைவுக்காக வைத்தவை உயிரோடிருப்போரின் உயிருக்கு உலையாகலாமா? அன்று முதல் எங்கள் பங்கில், திருநாள் முடிந்த மறுநாளே இளைஞர் குழுவினர் கிண்ணங்களைக் கவிழ்த்து அடுக்குகின்றனர். சாடிகளில் நீருக்குப் பதில் மணலை நிரப்பச் சொல்லியிருக்கிறோம். வாரம் ஒருமுறை தீர்த்தத் தொட்டி கழுவப்படுகிறது.

வீடுகளிலும் இதனையே செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, தொட்டி, பானை, பூந்தொட்டித் தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி ஆகியவற்றைக் கவிழ்த்துக் காயவையுங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் முட்டைகள் அழியும். குடிநீர்ப் பாத்திரங்களை இறுக மூடுங்கள். நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் நோயைப் பிறருக்குக் கொண்டுபோகும். இந்தியாவில் உருவான டெங்குத் தடுப்பூசி ஒன்றின் மூன்றாம் கட்டப் பரிசோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அறிவியலின் வெற்றிக்காகச் செபிப்போம். அதற்கிடையே கைக்கெட்டிய உரலைக் கவிழ்ப்போம்.

நோய் நீங்கிய வீடு

இறுதியாக, பலரும் மறந்துவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்த இளைஞனுக்கு மூன்று மாதம் கை நடுங்கியது. உளியை நேராகப் பிடிக்க இயலவில்லை. பெயர்கள் மறந்தன; சிறு சொல்லுக்கும் கண்ணீர் வந்தது. நரம்பு மெல்லத்தான் ஆறும்; உடற்பயிற்சி மருத்துவமும் பொறுமையும் அதற்கு வேண்டும். ஆனால் ஊர் பொறுமையாக இருக்கவில்லை. "பேய் பிடித்த பிள்ளை" என்று சிலர் பேசினர். அவன் தங்கைக்கு வந்த வரனொன்று அந்தப் பேச்சால் தட்டிப்போயிற்று. காய்ச்சல் செய்யாத கொடுமையை நம் நாக்கு செய்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மறையுரையில், எவர் பெயரையும் குறிப்பிடாமல், இந்நோய் இன்னதென்று மக்களுக்கு விளக்கினேன். அன்றிரவு நான் தாமதித்ததையும் மறைக்காமல் சொன்னேன். வின்சென்ட் தே பவுல் சபையார் மூன்று மாதம் அக்குடும்பத்துக்கு அரிசியும் பேருந்துச் செலவும் தந்தனர். அன்பியக் கூட்டத்தார் முறைவைத்து மாலையில் அவனோடு நடைபயிலச் சென்றனர். அவனுடைய ஆசான், மெருகிடும் எளிய வேலையை முதலில் கொடுத்து, மெல்ல மெல்ல உளியைக் கையில் தந்தார். அடுத்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்குச் சற்று முன்னர், கருங்கல்லில் தானே செதுக்கிய சிறு சிலுவையொன்றைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். ஒரு முனை சற்றே கோணலாயிருந்தது. "கை நடுங்கிட்டுது, சாமி. வேற செஞ்சு தரட்டுமா?" என்றான்.

வேண்டா என்றேன். அது இன்றும் என் மேசைமீது இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் அவன் பிழைத்ததற்காக நன்றி கூறுகிறேன். அந்த இரண்டு மணி நேரத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, மழை மேகம் கிழக்கே திரளும்போது இரண்டு செயல்களை மறவாதீர்கள். முற்றத்தில் நிமிர்ந்து கிடக்கும் உரலைக் கவிழ்த்து வையுங்கள். காய்ச்சல் தணிந்து உறங்கும் பிள்ளையை ஒருமுறை எழுப்பிப் பேர் சொல்லக் கேளுங்கள். அவன் தன் பேரைத் தெளிவாகச் சொன்னால், ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு நீங்களும் சற்று உறங்கலாம்.